ஒன்பது அடியேன்கள்

கொள்ளிடக் கரையில் ஒரு சிறிய மடம். அதை நிறுவியவர் பாடிய நூறு பாட்டுக்கு மடத்தார் ஒன்பது பேரும் சேர்ந்து உரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அச்சேறும் முன் உரை மடத்து வாசலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அதனால் வெளியார் கணினியில் ஏற்றி வைக்கும் பேச்சே கிடையாது.

சிற்றம்பலம் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்று, ஐம்பத்தொன்பது வயதில் சீடராக வந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். உக்கிராண அறையில், புளிப்பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினியை வைத்து, ஒரே உரையை எல்லோரும் அவரவர் கைபேசியிலிருந்தே ஒரே நேரத்தில் திருத்தும்படி ஒரு மென்பொருளை நிறுவினார். மூன்று நாள் அது அவரைப் படாதபாடு படுத்தியது. நாலாம் நாள் ஓடியது.

உள்ளே நுழைகிறவரிடம் அது பெயர் கேட்கும். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. தன்னைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வழக்கம் அந்த மடத்தில் யாருக்கும் இல்லை. ஒன்பது பேரும் 'அடியேன்' என்றே எழுதிவிட்டு நுழைந்தார்கள். மென்பொருளை நிறுவிய சிற்றம்பலமே அதைத்தான் எழுதியிருந்தார்!

ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் காலையில் முப்பத்தேழாம் பாட்டைத் திறந்தார் சிற்றம்பலம். 'திறந்த கதவை ஏன் தட்டினேன்?' என்று கேட்கும் பாட்டு அது. இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அவர் எழுதிய மூன்று பத்தியையும் காணோம். அந்த இடத்தில் ஒரே வரி: 'உள்ளே வர வெட்கமாக இருந்தது.'

திருத்தியவர் பெயர்: அடியேன்.

பழையபடி ஆக்க ஒரு பொத்தான் போதும். விரல் அதன்மேல் போயிற்று, திரும்பி வந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். காலைப் பந்தியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் பொங்கலைத்தான் கவனித்தார்கள். உச்சிப் பூசை முடிந்ததும் அச்சகத்து ஆள் வந்துவிடுவார்.

மடத்துத் தலைவி உமையாள் அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த சார்ஜர் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தாயே, என் உரையை யாரோ அழிச்சுட்டாங்க. எந்தக் கருவியிலேர்ந்துன்னு சர்வர்ல பதிவாகியிருக்கும். பார்க்க உத்தரவு வேணும்."

"பார்த்து?"

"யாருன்னு தெரிஞ்சாத்தானே விடறதா, பழசையே போடறதான்னு முடிவு பண்ண முடியும்?"

"மாசிலாமணி ஐயாவா இருந்தா?"

மாசிலாமணி நாற்பது வருடம் தமிழ் கற்பித்த வித்துவான்.

"அவர்னா பேச்சே இல்லை. அப்படியே விட்டுடுவேன்."

"மடப்பள்ளி வேலம்மாவா இருந்தா?"

வேலம்மா மடத்துக்கு வந்த பிறகுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர். சிற்றம்பலத்துக்கு அத்தனை ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"வேலம்மாவா! இந்த நிமிஷமே பழசைப் போட்டுடுவேன், தாயே."

"நானா இருந்தா?"

சிரிப்பு நின்றது.

"தாங்களா இருந்தா... தலைமேல வச்சுக்குவேன்."

அம்மை ஒரு வயரை உருவி எடுத்து, சுருட்டித் தனியாக வைத்தார்.

"அச்சகத்து ஆள் வந்தா நான் உட்கார வச்சுக்கறேன். நீங்க இன்னும் அந்த வரியைப் படிக்கவே இல்லை. போய்ப் படிங்க."