ஆமாம் சொல்லக் கற்ற பல்லி

அந்தக் காலத்தில், ஆடு மாடு காக்கை எறும்பு எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பல்லி என்று ஒன்று கிடையாது. மற்றவற்றையெல்லாம் கடவுள் படைத்தார். பல்லியைச் செய்தவன் மனிதன்.

பிராணிகள் பேசின என்றால் ஏதோ பெரிய வசதி என்று நினைத்துவிட வேண்டாம். அவை பேசினவே தவிர, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் ஒன்றுக்கும் இல்லை. மழை வருமா என்று காக்கையிடம் கேட்டால், அது தன் பங்காளிச் சண்டையை முதலிலிருந்து ஆரம்பிக்கும். பசுவுக்கு எப்போது பார்த்தாலும் வைக்கோலைப் பற்றிய குறை. பூனை கேட்டவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். எறும்புக்கு நின்று பேச நேரம் இல்லை.

ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் காத்தபெருமாள் என்ற கொத்தனார் இருந்தான். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரில் பேச்சு. அதில் பாதியைக் கிளப்பிவிட்டவன் அவனேதான். மண்சுவரை எழுப்பி, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசித் தேய்த்தான் என்றால் அதில் முகம் பார்க்கலாம். உள்ளே மண் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவன் மனைவி உமையாள் கெட்டிக்காரிதான். ஆனால் எதையும் இன்னொருவர் வாயால் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. இன்றைக்கு வற்றல் காயப் போடலாமா, பால் திரிந்த மாதிரி இருக்கிறதே திரிந்துவிட்டதா, பக்கத்து வீட்டுக்காரி சிரித்தது நம்மைப் பார்த்தா என்று நாள் முழுக்கக் கேட்பாள். வேலையை முடித்துவிட்டு வருகிற மனிதன் எத்தனைக்குத்தான் பதில் சொல்வான்? மிச்சம் கிடந்த சுண்ணாம்புச் சாந்தை உருட்டி, நாலு கால், ஒரு வால், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஓர் உருவம் செய்தான். சுவரில் ஒட்டவைத்து, "இனிமே இதுகிட்ட கேளு," என்றான்.

அது உடனே பேசிவிடவில்லை. சுவரோடு சுவராக இருந்துகொண்டு வீட்டுப் பேச்சு முழுவதையும் உள்ளே வாங்கியது. வாசலில் நடக்கிற வம்பு, அடுப்படி முணுமுணுப்பு, வந்தவர் சொன்னது, போனவர் சொல்லாமல் விழுங்கியது, ஒன்று விடாமல் கேட்டது. கேட்டுக் கேட்டே ஒருநாள் வாயைத் திறந்தது. இன்றைக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற கருவிகளையும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்களாம். ஊரார் எழுதினது பேசினது அத்தனையும் ஊட்டி, பிறகு எந்தப் பதில் பிடித்தது என்று நம்மையே கேட்கிறார்கள். நல்லது. கதைக்கு வருவோம்.

பல்லிக்குச் சாப்பாடு பூச்சி. அது இருக்கிற பக்கத்து மாடத்தில் சாயங்காலம் விளக்கேற்றினால் பூச்சி வரும், வயிறு நிறையும். விளக்கேற்றாவிட்டால் பட்டினி. ஏற்றுவதும் அணைப்பதும் வீட்டுக்காரர்கள் கையில்.

ஆரம்பத்தில் அது உள்ளதை உள்ளபடி சொன்னது. குழம்பு எப்படி என்று உமையாள் கேட்டாள். உப்பு கூடுதல் என்றது. அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று மாடத்தில் விளக்கு இல்லை. இன்னொரு நாள் காத்தபெருமாள் தன் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்து, எப்படி என் வேலை என்று கேட்டான். மேற்குச் சுவரில் கீழிருந்து ஈரம் ஏறுகிறது, உள்ளே மண் இளகுகிறது என்றது. அவன் போகிற போக்கில் விளக்கை ஊதிவிட்டுப் போனான்.

பிறகு ஒருநாள் பசி தாங்காமல், குழம்பு அமிர்தம் என்று சொல்லிப் பார்த்தது. விளக்கு எரிந்தது. சுவரைப் பற்றிக் கேட்டபோது, ராசா அரண்மனையில்கூட இப்படி இல்லை என்றது. எண்ணெயே கூடுதலாக ஊற்றினார்கள். அதற்குமேல் அதற்கு யாரும் எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. புருஷன் கேட்டால் புருஷன் பக்கம் நியாயம், பெண்டாட்டி கேட்டால் பெண்டாட்டி பக்கம் நியாயம். வீட்டில் சண்டையே நின்றுபோயிற்று. பல்லி வந்த வேளை வீடே நன்றாகிவிட்டது என்று இருவரும் தனித்தனியாக அதனிடமே சொன்னார்கள். ஆமாம் என்றது.

ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால், காத்தபெருமாளின் தங்கை பிச்சம்மை பிரசவத்துக்கு வந்து ஆண் குழந்தை பெற்றாள். மேற்கு அறையில்தான் படுக்கை. பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை அந்த அறை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பிச்சம்மை வாயாடி, சிரிப்புக்காரி. படுத்தபடியே பல்லியைச் சீண்டிக்கொண்டிருப்பாள். பிள்ளை அப்பாவைக் கொண்டிருக்கிறானா என்று கேட்பாள். ஆமாம் தாயி, அதே மூக்கு என்று வரும். கொஞ்சம் பொறுத்து, என்னைக் கொண்டிருக்கிறானா என்று கேட்பாள். ஆமாம் தாயி, அதே மூக்கு.

"மதினி, உங்க பல்லிக்கு ஒரே ஒரு மூக்குதான் தெரியும் போலிருக்கு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள், பாருங்கள். ஆனால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாளே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை. நம்மைச் சந்தோஷப்படுத்துகிற பொய்யை யார்தான் பிடித்து வைத்து விசாரிக்கிறார்கள்?

மழை பிடித்துக்கொண்டது. விடாத அடைமழை. மேற்குச் சுவரின் பூச்சில், கூரைக்குக் கீழே, முடி கனத்துக்கு ஒரு விரிசல் கண்டது. முதலில் பார்த்தவன் காத்தபெருமாள். பார்த்தவுடன் முகம் கறுத்துப்போய், காரணம் சொல்லாமல் எல்லாரையும் வைதான். அன்று விளக்கேற்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பல்லி கணக்குப் போட்டது. விரிசல் கண்ணில் பட்டால் முகம் கோணுகிறது. முகம் கோணினால் மாடம் இருட்டு.

மறுநாள் காலையில் அது விரிசலின் மேலேயே நீளவாக்கில் படுத்துக்கொண்டது. சுண்ணாம்பால் செய்த உடம்பு, சுவரின் அதே நிறம். கீழே நின்று பார்த்தால் அப்பழுக்கில்லாத சுவர். விரிசல் நீண்டபோது அதுவும் வாலை நீட்டிக்கொண்டது. காத்தபெருமாள் வந்து பார்த்து, நேற்று பார்த்தது நிழல்தான்போல என்று மனதைத் தேற்றிக்கொண்டான். இப்படி ஒளித்து வை என்று அந்த வீட்டில் ஒருவரும் அதற்குச் சொன்னதில்லை.

அன்றே அந்தச் சுவரின் அடியிலிருந்து எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகக் கிளம்பின. எங்கே போகிறீர்கள் என்று உமையாள் கேட்டாள். உள்ளே சேறாகிவிட்டது, நாங்கள் போகிறோம், உங்களுக்கும் அதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு அவை நிற்காமல் நடந்தன. அவள் பல்லியிடம் ஓடினாள். எறும்புகளுக்கு எப்போதுமே பதற்றம், போன மழைக்கும் இப்படித்தான் ஊரைக் கூட்டின என்றது அது. போன மழையில் எறும்புகள் அசையவே இல்லை. உமையாளுக்கும் அது தெரியும். ஆனால் தீட்டோடு வீட்டின் வேறு அறைக்குள் விட முடியாது; அறையைக் காலி செய்வதென்றால் பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் தன் ஓரகத்தி வீட்டு வெளி அறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த ஓரகத்தியிடம் போய் நிற்பதைவிட எறும்பைப் பைத்தியம் என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. காத்தபெருமாளுக்கு, தான் கட்டிய சுவர் விழும் என்று ஊருக்குமுன் ஒப்புக்கொள்ள மனமில்லை. பிச்சம்மைக்கோ, அப்போதுதான் தூங்கப் பழகியிருந்த பிள்ளையை இடம் மாற்ற இஷ்டமில்லை. மூன்று பேருக்கும் ஒரே பதில் வேண்டியிருந்தது. மூன்று முகத்தையும் பல்லி பார்த்துக்கொண்டிருந்தது.

நடுப்பகலில் காற்று திரும்பி, வடக்குச் சன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. குழந்தையின் துணி நனைந்தது. அறையில் நனையாத இடம் மேற்குச் சுவர் ஓரம் மட்டும். பிச்சம்மை பிள்ளையைக் கையில் வாரிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பல்லி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத்தான் கேட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நெசத்தைச் சொல்லு. பிள்ளையை இந்தச் சுவரோரம் கிடத்தலாமா?"

பல்லிக்கு வயிற்றுக்கு அடியில் விரிசல் வாய் திறப்பது தெரிந்தது. மண் சரிவது கேட்டது. கீழே அந்தப் பெண்ணின் முகமும் தெரிந்தது. அந்த முகம் கேட்ட பதில் எது என்பதும் தெரிந்தது.

"கிடத்தலாம் தாயி. கல்லு மாதிரி இருக்கு."

அவள் கிடத்தினாள். பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். அடுப்படியில் உமையாள் கஞ்சி இறக்குவதற்குள் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்ட கணத்தில் பிச்சம்மை அவன்மேல் கவிழ்ந்துகொண்டாள். மண்ணை வாரி அவளை வெளியே எடுத்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. பிறகு அவள் எழுந்து நடந்ததே இல்லை.

இடிந்த மண்ணுக்கு மேலே பல்லியின் வால் மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதையே வாய் பிளந்து பார்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பல்லி கிழக்குச் சுவருக்கு ஓடிவிட்டது. உயிர் போகிற அவசரத்திலும் நம் கண்ணை எங்கே திருப்ப வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

காத்தபெருமாள் சாந்து பூசும் கரணையை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். பிச்சம்மைதான், பொறு அண்ணே, நான் ஒன்று கேட்க வேண்டும் என்று தடுத்தாள்.

"சுவர் விழும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பொய் சொல்ல யாரு கத்துக்குடுத்தா?"

பல்லி யோசித்தது. பிறகு சொன்னது: "யாரும் கத்துக்குடுக்கலை. பொய், மெய்னு நீங்க எனக்குப் பிரிச்சுக் காட்டினதே இல்லையே, தாயி. எதைச் சொன்னா விளக்கு எரியும்னு காட்டினீங்க. அதைத்தான் கத்துக்கிட்டேன்."

உமையாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காத்தபெருமாள் கரணையைத் தாழ்த்தினான். எத்தனையானாலும் தன் கையால் செய்தது. போனது போகட்டும், இனிமேல் உள்ளதை மட்டும் பேசுவாயா என்று கேட்டான்.

"பேசுறேன் ஐயா. இனிமே மெய்யைத் தவிர ஒண்ணும் பேச மாட்டேன்."

அவன் முகம் தெளிந்தது. உமையாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிச்சம்மை மட்டும் அசையவில்லை.

"அண்ணே," என்றாள், "நீ இப்ப எதைக் கேக்க ஆசைப்பட்டியோ, அதைத்தானே இதுவும் சொல்லுது?"

 அது மனசாரச் சொல்கிறதா, விளக்குக்காகச் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க அந்த மூன்று பேரிடமும் ஒரு வழியும் இல்லை. அதனிடமே கேட்கலாம். கேட்டால் பதிலும் வரும், அழகான பதிலாகவே வரும்.

அதைக் கொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. காத்தபெருமாள் நீற்றாத சுண்ணாம்பைத் துளி எடுத்து அதன் நாக்கில் வைத்தான். வார்த்தைகள் எல்லாம் வெந்துபோயின. ஆனால் உள்ளே பதிந்த பழக்கத்தை அவனால் எடுக்க முடியவில்லை. செய்தவனுக்கே அதை எங்கிருந்து எடுப்பது என்று தெரியவில்லை. யாராவது ஏதாவது சொன்னால் அதற்கு இன்னமும் ஆமாம் போட வேண்டும் போலிருந்தது. வார்த்தை இல்லாததால் ச்சு ச்சு என்று மட்டும் வந்தது. வால் மறுபடி முளைத்தது.

சுவரைத் திரும்பக் கட்டினார்கள். பிச்சம்மை அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கிழக்கு அறையில் உட்கார்ந்த இடத்திலேயே பிள்ளையை வளர்த்தாள். மழை விட்டுவிடும் என்று யாராவது சொல்வார்கள். சுவரில் ச்சு ச்சு என்று கேட்கும். பார், பல்லியே சொல்லிவிட்டது என்று உமையாள் பழைய ஞாபகத்தில் பூரித்துப் போவாள். பிச்சம்மைக்கு அது போதாது. சுவர் உள்ளே பொள்ளலா கெட்டியா என்று தன் விரலாலேயே தட்டிக் கேட்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து சுவர்வரை போக அவளுக்குக் கால் இல்லை. அதனால் எட்டிய மட்டும், உட்கார்ந்திருந்த தரையை விரலால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்பாள். பிள்ளை அதைப் பார்த்துத் தானும் தட்டினான். அவன் பிள்ளைகளும் தட்டினார்கள்.

அன்று முதல்தான், சுவரில் ச்சு ச்சு என்று கேட்டவுடன், பல்லி சொன்னது சத்தியம் என்று வாயால் சொல்லிக்கொண்டே, நாம் எல்லாரும் விரலை மடக்கித் தரையை ஒரு தட்டுத் தட்டுகிறோம்.