நாற்பது நாள் தொட்டி

"மூணாவதும் போயிடுச்சு ஜெசிந்தாம்மா."

சிங்காரவேலு பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு தங்கமீன், உடம்பெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளோடு செத்துக் கிடந்தது.

கொளத்தூர்ப் பக்கம் மீன் வளர்க்கிறவர்களுக்கு, அங்கே மீன் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாதான் வாத்தியார். வயது முப்பத்திநாலு. சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற சிங்காரவேலுவுக்கு அறுபத்திமூன்று. ஆனாலும் அவள் முன்னால் அவர் உட்கார்ந்ததே கிடையாது.

"நீங்க சொன்னபடிதானே செஞ்சேன்? புது மீனை எடுத்ததும் பழைய மீனோட விட்டுடாதீங்க, நாற்பது நாள் தனியா வச்சுப் பாருங்கன்னீங்க. வச்சேன். தனி வலை, தனி வாளி, தனி டியூப். தொட்டியையே வேற ரூம்ல வச்சேன். மொத மீன் பதினெட்டு நாள். அடுத்தது பன்னெண்டு. இது ஒம்பதே நாள். நீங்க குடுக்கிறதே சீக்கு மீன்தான்."

சொல்லிவிட்டு அவரே மிரண்டுபோனார்.

ஜெசிந்தா கோபப்படவில்லை. "பழைய மீன் எப்படியிருக்கு?"

"அதுக்கென்ன? ஒரு புள்ளி கிடையாது. ஆனா மூலையில போய் ஒத்தையா கிடக்கு. கண்கொண்டு பார்க்க முடியலை. அதுக்கு ஒரு துணை வேணும்மா."

அந்தப் பழைய மீன் அவர் மனைவி வனஜா ஆறு வருஷம் வளர்த்தது. வனஜா போன ஆனியில் இறந்துபோனாள். தொட்டியில் இருந்த மற்ற மீன்களும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. அவள் கையால் வளர்ந்த உயிரென்று அந்த வீட்டில் மிச்சம் இது ஒன்றுதான்.

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

வீட்டில் அவள் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"தினமும் எப்படித் தீனி போடுவீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க."

"அந்த ரூம்ல இப்ப மீனே இல்லையே."

"இருக்கிற மாதிரி செய்யுங்க."

சிங்காரவேலு ஹாலில் இருந்த பழைய தொட்டிக்குப் போனார். ஒரு சிட்டிகைத் தீனி போட்டார். பிறகு ஆள்காட்டி விரலைத் தண்ணீருக்குள் விட்டார். மூலையில் கிடந்த மீன் மெல்ல வந்து விரல் நுனியைக் கவ்விச் சப்பியது.

"வனஜான்னு நெனச்சுக்குது" என்றார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு அடுத்த அறைக்கு நடந்தார். ஸ்டூல்மேல் மீனில்லாமல் தண்ணீரோடு இருந்த தொட்டியில் தீனி போட்டார். அதிலும் விரலை விட்டார்.

"புதுசுக்கும் பழகட்டுமேன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தார். ஹாலிலிருந்து அந்த அறைவரை தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். காணி நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்தவர், அந்த ஆறடியைக் கோட்டைவிட்டிருந்தார்.

"ஆனா பழைய மீன்மேலதான் ஒரு புள்ளிகூட இல்லையே?"

"சீக்கு அந்தத் தண்ணியிலயே இருக்கு. அதுக்குப் பழகிப்போச்சு சார். கூட இருந்ததெல்லாம் எப்படிப் போச்சுன்னு நெனச்சீங்க?"

அவர் தன் ஈர விரலைப் பார்த்தார்.

"இனிமே கையக் கழுவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருவேன். இன்னொரு மீன் குடுங்க. நாற்பது நாளும் கழிஞ்சப்புறம்..."

"கழிஞ்சப்புறம் அதை எங்கே விடுவீங்க?"

அவர் பழைய தொட்டியைப் பார்த்தார்.

"அப்போ, இது கடைசிவரைக்கும் ஒத்தைதானா?"

ஜெசிந்தா மீனில்லாத தொட்டியின் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினாள். தொட்டியைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். ஸ்டூலைத் தூக்கிவந்து, ஹாலில் பழைய தொட்டிக்கு எதிரே போட்டாள்.

"உட்காருங்க சார்."

சிங்காரவேலு உட்கார்ந்தார். ஈர விரலைத் துடைக்கவில்லை.