அத்தான் பிடிச்சு விட்ட மீனுக

எங்க அத்தான் ஞானதிரவியம் கடலுக்குப் போயிட்டு வாரதைப் பாத்தா நீங்களே எந்திரிச்சு நின்னுருவீங்க. தலையில தொப்பி, மூக்கு வரைக்கும் இழுத்து மூடுன துணி, கறுப்புக் கண்ணாடி, கையில ஆள் உசரத்துக்குத் தூண்டில் கம்பு, தோள்ல ஐஸ்பெட்டி. தூத்துக்குடியில எலக்ட்ரிக் கடை வச்சிருக்க மனுசன்னு ஒருத்தன் சொல்ல முடியாது. கடலையே அவரு பேர்ல பட்டா போட்டுக் குடுத்த மாதிரி நடந்து வருவாரு. அந்த ஐஸ்பெட்டியத் தெறந்து பாத்தா ஐஸ் இருக்கும். வேற ஒண்ணும் இருக்காது.

மத்த நாள்னா சிரிச்சிட்டுப் போயிருவோம். அன்னைக்குச் சிரிக்க முடியல. எங்க அக்கா மக பெனிலாவுக்கு சம்பந்தம் பேச சாத்தான்குளத்துல இருந்து ஆசீர்வாதம் அண்ணாச்சி வந்து உக்காந்திருக்காரு. மரக்கடைக்காரரு. பலகைய மாதிரி பேச்சையும் அளந்துதான் அறுப்பாரு. பையனுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு, பொண்ணுக்கும் பையனைப் பிடிச்சிருக்கு. அண்ணாச்சி வாயில இருந்து ஒரு சம்மதம் வரணும், அவ்வளவுதான் பாக்கி.

போன தை மாசம் நாசரேத்துல இருந்து வந்த நல்ல இடம் அத்தான் வாயாலதான் போச்சு. "இந்த மனுசன் பேச்சுல பாதிய நம்புனாக்கூட நாம தெருவுலதான் நிக்கணும்"னு சொல்லிட்டு, காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாங்க. பிள்ளை அழுத அழுகை எனக்கு இன்னும் காதுல கெடக்கு. அதனால இந்தத் தடவை ரூபி அக்கா முந்தின நாளே அத்தான் கையப் பிடிச்சுக் கெஞ்சிச்சு.

"அவுக முன்னால வாயத் தெறக்காதிய. உங்களக் கும்பிடுதேன்."

"நான் ஏன் பேசப்போறேன்? என் மீனு பேசும்"னாரு அத்தான். அதோட விட்டிருக்கலாம்லா? போனைப் போட்டு அண்ணாச்சிகிட்ட, "சம்பந்தி, கடை மீனு என் வீட்டு வாசப்படி ஏறாது. நானே பிடிச்சு, நானே கொண்டாந்து உங்க இலையில போடுதேன்"னு சொல்லிட்டாரு. அண்ணாச்சி அந்தப் பக்கம், "சரி அண்ணாச்சி, வாரேன்"னு மட்டும் சொன்னாரு. இவரு வார்த்தைக்கு வார்த்தை சம்பந்தின்னு கூப்பிட்டாலும் அவரு அண்ணாச்சிங்கற வார்த்தையத் தாண்டவே இல்ல.

அதுவோ வைகாசி. மீன்பிடித் தடைக்காலம். பெரிய போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு. சின்ன வள்ளத்துல வர்ற கொஞ்சநஞ்ச மீனும் விடிஞ்சும் விடியாம வித்துப் போயிரும். அத்தான நம்பி அக்கா மார்க்கெட்டுக்கே போகல. மசாலா அரைச்சு, புளி கரைச்சு, குழம்பைக் கூட்டி மண்சட்டியில ஏத்திட்டு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கு. குழம்பு கொதிக்கு. உள்ள போட மீனுதான் இல்ல.

அப்பதான் அத்தான் உள்ள வந்தாரு. கம்பைச் சுவர்ல சாத்துனாரு, ஐஸ்பெட்டியக் கீழ வச்சாரு, அதுமேலயே உக்காந்துக்கிட்டாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. தெறந்து பாக்க விடக்கூடாதுன்னுதான உக்காருதாரு!

"மீனு எங்க?"ன்னுச்சு அக்கா, அடுப்படி வாசல்ல நின்னு.

"பிடிச்சேன்."

"அதான், எங்க?"

"விட்டுட்டேன்."

அக்கா மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அத்தான் அண்ணாச்சி பக்கம் திரும்பிட்டாரு. "சம்பந்தி, வயித்துக்காகப் பிடிக்கவன் வலைக்காரன். நாங்க பிடிக்கது ஸ்போர்ட்டு. மீனைப் பிடிக்கணும், ஒரு போட்டோ எடுக்கணும், தடவிக் குடுத்துத் திருப்பி விட்டுறணும். வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்."

அண்ணாச்சி காப்பியக் கீழ வச்சிட்டுக் கேட்டாரு. "பிடிச்சதை விட்டுருவியளா?"

"ஆமா."

"பொறகு எதுக்குப் பிடிக்கணும்?"

"விடுததுக்குத்தான்!"

அண்ணாச்சி தலைய ஆட்டிக்கிட்டாரு. ஆமான்னு ஆட்டுனாரா இல்லன்னு ஆட்டுனாரான்னு தெரியல. நான் பேச்சை மாத்தணும்னு, "வெளிய வெயில் எப்படி அத்தான்?"னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெயிலா? எப்பா! மாப்ள, முயல்தீவு தாண்டுனதும் கடலு ஆவி பறக்கு. காலைச் சாப்பாட்டுக்குக் கொண்டு போன முட்டைய ஒரு துணியில கட்டி வள்ளத்துக்கு வெளிய தொங்க விட்டேன். நாலு துடுப்புப் போடுமுன்ன அவிஞ்சு வந்துட்டு. நல்லா தொலி உரிஞ்சு வந்துச்சு பாத்துக்கோ. உப்புக்கூடப் போடல, கடலே போட்டுட்டு. மீனுக எல்லாம் சூடு தாங்காம வள்ளத்து நிழலுக்கு ஓடி வருது. நிழலுக்குள்ள எடம் பிடிக்கதுல அதுகளுக்குள்ள ஒரே சண்டை. நான் கத்துனேன், 'சின்னப் பிள்ளைகளையும் வயசான மீனையும் முன்னால விடுங்க'ன்னு. விட்டுச்சுக. மனுசன் கேப்பானா?"

"நிழல் பத்துச்சா?"ன்னாரு அண்ணாச்சி.

"பத்தல. குடைய விரிச்சுப் பிடிச்சேன்."

"குழம்பு வத்துது"ன்னுச்சு அக்கா உள்ள இருந்து.

"அந்த நேரம் ஒரு பாறை மீனு கடிச்சுச்சு பாருங்க சம்பந்தி, இந்தா இந்த பீரோ கதவு இருக்குல்லா, அது அதோட வாலு. கம்பு வில்லு மாதிரி வளையுது. இழுக்கேன், அது இழுக்குது. நான் விடல, அதுவும் விடல. கடைசியில மேல வந்து மூச்சு வாங்கிக்கிட்டே என்னை ஒரு பார்வை பாத்துச்சு. பாத்தா வயிறும் பிள்ளையுமா இருக்கு. மாசமா இருக்க மீனைப் பிடிக்கக் கூடாதுன்னுதான கவர்மெண்ட்டே தடை போட்டிருக்கு? எனக்கு மனசு கேக்கல. இளநிய வெட்டி வாயில ஊத்தி, கடல்லயே விட்டுட்டேன்."

"கடலுக்கு நடுவுல இளநீயா அத்தான்?"

"குடிக்கன்னு மூணு கொண்டு போனேன்டா. மூணும் அதுவே குடிச்சிட்டு. மாசமா இருக்கவகிட்ட கணக்குப் பாக்க முடியுமா?"

நான் அண்ணாச்சியப் பாத்தேன். அவரு மூஞ்சியில ஒரு சுருக்கம் கூட மாறல. இந்த மாதிரி ஆளுகளைத்தான் நம்பக் கூடாது. உள்ளுக்குள்ள என்ன அறுக்காரோ தெரியல. பெனிலா உள் ரூம்பு ஜன்னல் ஓரமா கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கா. அத்தானுக்கு நான் கண்ணைக் காட்டுனேன், போதும் நிறுத்துங்கன்னு. அவரு அதை, இன்னும் சொல்லுங்கன்னு எடுத்துக்கிட்டாரு.

"அடுத்தது சீலா. நீளம் எவ்வளவுன்னு கேக்காதீங்க. தலை என் வள்ளத்துக்கு முன்னால இருக்கு, வாலைப் பாக்க நான் பின்னால போகணும். அது இழுத்த இழுப்புல வள்ளம் மணப்பாடு வரைக்கும் போயிட்டு. என்ன வேகம்ங்கீங்க! என் தொப்பி காத்துல அப்படியே அங்கனயே நின்னுட்டு. திரும்பி வரும்போது அதே எடத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சு, எட்டி எடுத்து மாட்டிக்கிட்டேன். மீனைப் பக்கத்துல இழுத்துப் பாக்கேன், தாடையில பழைய தூண்டில் முள்ளு ஒண்ணு கெடக்கு. யாரோடதுங்கீங்க?"

"உங்களோடது"ன்னாரு அண்ணாச்சி.

அத்தானுக்கு மூஞ்சி சுருங்கிட்டு. தான் சொல்ல வேண்டியதை அடுத்தவன் சொன்னா அவருக்கு ஆகாது. "ஆமா. போன வருசம் நான் விட்ட அதே மீனு. என்னை அடையாளம் கண்டுக்கிட்டு, முள்ளைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்திருக்கு. தேடி வந்தவனை வெட்டிக் குழம்பு வைப்பாங்களா சம்பந்தி?"

"வைக்க மாட்டாங்க."

"குழம்புக்கு இன்னொரு சொம்பு தண்ணி ஊத்திட்டேன்"னுச்சு அக்கா. சத்தம் இந்தத் தடவை கொஞ்சம் கனமா வந்துச்சு.

"போட்டோ எடுத்தீங்களா அத்தான்?"னு கேட்டேன். அப்படியாவது மாட்டி நிறுத்துவாருன்னு பாத்தேன்.

"எடுக்காம இருப்பனா?" போனை எடுத்து நீட்டுனாரு. முழுக்கக் கறுப்பா இருந்துச்சு. "மீனு பெருசுடா. போனுக்குள்ள அடங்கல. கண்ணு மட்டும்தான் விழுந்துச்சு. இதான் கண்ணு. இது நடுமுழி."

"அது உங்க பெருவெரலு."

"வெரல மாதிரி கண்ணு உள்ள மீனும் இருக்குடா. நீ கண்டியா கடல?" போனைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு. "சரி, இதையாவது கேளு. சீலாவை விட்டுட்டுத் திரும்புதேன், முன்னால ஒரு குகை. குளுகுளுன்னு காத்து வருது. வெயிலுக்கு நல்ல எடம்னு வள்ளத்தை உள்ள விட்டேன். உள்ள போனா நாலஞ்சு பேரு ஏற்கெனவே சட்டையக் கழத்திப் போட்டுட்டுச் சீட்டு வெளையாடிக்கிட்டு இருக்கான். 'அண்ணாச்சி, இது குகை இல்ல, களவா மீனோட வாயி. வெயில் தாழ அது கொட்டாவி விடும், அப்ப எறங்கிக்கிடலாம்'னு சொல்லுதான்!"

"உள்ள வெளிச்சத்துக்கு?"ன்னாரு அண்ணாச்சி.

"செல்போன் டார்ச்சு."

"டவர் கெடைச்சுச்சா?"

"தொண்டைப் பக்கம் நின்னா ரெண்டு புள்ளி காட்டுச்சு."

"அப்போ வீட்டுக்கு ஒரு போன் போட்டு மீன் இல்லன்னு சொல்லியிருக்கலாமே"ன்னுச்சு அக்கா. வாசல் வரைக்கும் வந்துட்டு. கையில கரண்டி.

அண்ணாச்சி மேல்துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. நாசரேத்துக்காரங்களும் கிளம்புமுன்ன இப்படித்தான் துண்டை எடுத்துப் போட்டாங்க. போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். உள்ள பெனிலா மூக்கை உறிஞ்சுத சத்தம் கேக்குது. அத்தானுக்கும் கேட்டிருக்கும். நல்ல மனுசன்தான், மகமேல உசுருதான். ஆனா பயந்துட்டா அவருக்கு இன்னும் பெருசா வரும். என்ன செய்ய!

"சம்பந்தி, கடைசியா ஒண்ணு. நெசமாவே இதைக் கொண்டாந்துரணும்னுதான் இருந்தேன். மயில்மீனு. முதுகுல பாய் விரிச்ச மாதிரி செட்டை இருக்கும்லா, அது. தண்ணிய விட்டு எந்திரிச்சுத் துள்ளி அந்தச் செட்டைய விரிச்சுச்சு பாருங்க, தூத்துக்குடி முழுக்க இருட்டிட்டு. உப்பளத்துல வேலை செஞ்சவங்க எல்லாம் மழை வருதுன்னு உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடிட்டாங்க. இன்னைக்குக் காலையில பஸ்ல வரும்போது கொஞ்சம் இருட்டுன மாதிரி இருந்துச்சா இல்லையா?"

"கண்ணை மூடித் தூங்கிட்டேன். இருட்டாத்தான் இருந்துச்சு"ன்னாரு அண்ணாச்சி.

"பாத்தியளா! அந்த மீனை இழுத்து வள்ளத்து ஓரத்துக்குக் கொண்டாந்துட்டேன். கொக்கிய மாட்டித் தூக்க வேண்டியதுதான். அது பக்கத்துச் செட்டை ரெண்டையும் சேத்து என்னைக் கும்பிட்டுச்சு. 'அண்ணாச்சி, எனக்கும் வீட்டுல வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு. இன்னைக்குப் பாத்துச் சம்பந்தம் பேச ஆளு வந்து உக்காந்திருக்காங்க. நான் போகலன்னா பேச்சு முறிஞ்சு போயிரும்'னு சொல்லுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு சம்பந்தி. நானும் பொண்ணைப் பெத்தவன்லா? 'போ தாயி, போய் நல்லபடியா முடி'ன்னு விட்டுட்டேன்."

சொல்லி முடிக்கும்போது அவரு குரல் நெசமாவே தழுதழுத்துட்டு. அடுப்படியில குழம்பு கொதிக்கது மட்டும் கேக்குது.

"எந்திரிச்சு வாங்க. இலை போட்டாச்சு"ன்னுச்சு அக்கா.

உக்காந்தோம். அக்கா சோறு வச்சுச்சு, அப்பளம் வச்சுச்சு. மண்சட்டியத் தூக்கிட்டு வந்து அண்ணாச்சி இலையில குழம்பை ஊத்துச்சு. நல்ல செவப்பா, எண்ணெய் மெதக்க, வாசம் தூக்குது. என் இலையில ஊத்துச்சு. அத்தான் இலையில ஊத்துச்சு. அத்தான் பழக்கதோசத்துல சட்டிக்குள்ள எட்டிப் பாத்தாரு.

"ஏட்டி, மீனு எங்க?"

"இருந்துச்சு"ன்னுச்சு அக்கா, அடுத்த கரண்டிய ஊத்திக்கிட்டே. "நீங்க வாரதுக்கு முன்னாலயே ஒரு பாறை மீனு வாசல்ல வந்து நின்னுச்சு. இளநி குடுத்த அண்ணாச்சி வீடு இதுதானன்னு கேட்டுச்சு. ஆமா, உள்ள வான்னு கூப்பிட்டுச் சட்டியில போட்டேன். ஒரு கொதி வந்ததும் தலையத் தூக்கி, 'கடல்ல அவரு என்னை விட்டாரு, வீட்டுல நீங்க இப்படிச் செய்யலாமாக்கா'ன்னுச்சு. பாவமா இருந்துச்சு. விட்டுட்டேன். ஸ்போர்ட்டுல்லா? சாப்பிடுங்க."

அத்தான் வாயத் தெறந்தாரு. ஒண்ணும் வரல. நான் பொறந்ததுல இருந்து அப்படி ஒரு நேரத்தைப் பாத்ததில்ல.

அண்ணாச்சி நிதானமா சோத்தைப் பெசஞ்சாரு. ஒரு வாய் சாப்பிட்டாரு. இன்னொரு வாய் சாப்பிட்டாரு. மெல்லுதவரு திடீர்னு நிறுத்துனாரு. வாய்க்குள்ள ரெண்டு வெரலை விட்டு எதையோ பாத்துப் பாத்து உருவுனாரு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. வெரலுக்கு நடுவுல ஒண்ணும் இல்ல. அந்த ஒண்ணும் இல்லாததை இலை ஓரமா பத்திரமா வச்சாரு.

"முள்ளு"ன்னாரு.

மறுபடியும் சாப்பிட்டாரு. மறுபடியும் ஒண்ணை உருவி அது பக்கத்துலயே வச்சாரு. பொறகு நிமிந்து அக்காவைப் பாத்தாரு. "சம்பந்தியம்மா, எனக்கு நடுத்துண்டா பாத்து ஒண்ணு வைங்க. தலைய சம்பந்திக்கு வச்சிருங்க."

அக்கா கரண்டியால சட்டிய அடி வரைக்கும் துழாவி அவரு இலையில ஊத்துச்சு. சம்பந்தி. நான் அந்த வார்த்தைய இன்னொரு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேன். காலையில இருந்து அவரு வாயில வராத வார்த்தை.

"பிள்ளை ஆரு மாதிரி?"ன்னு கேட்டாரு அண்ணாச்சி.

"என்னை மாதிரிதான் அண்ணே"ன்னுச்சு அக்கா. கண்ணுல தண்ணி நிக்குது.

"நல்லதாப் போச்சு. அப்போ ஆவணியில வச்சுக்கிடுவோம்."

ஜன்னல் பக்கம் யாரோ துள்ளிக் குதிச்ச சத்தம் கேட்டுச்சு. அக்கா இன்னொரு கரண்டி குழம்பு ஊத்துச்சு, அண்ணாச்சி இன்னொரு முள்ளை எடுத்து வச்சாரு. அத்தான் மட்டும் சோத்துல கை வைக்காம என் பக்கம் சாஞ்சு, காதுக்குள்ள கேட்டாரு.

"மாப்ள, உங்க அக்கா விட்டது என்ன பெருசு இருக்கும்?"

"சட்டிக்குள்ள அடங்குன மீனு அத்தான்."

"அப்படியா? அப்போ சரி." நிம்மதியா சோத்தைப் பெசஞ்சாரு. "சின்ன மீனை விடத்தான் வேணும்."