பதினொண்ணாவது குதிரை

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்...

கேக்குதா? ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். பாம்பா? பாம்பில்லை குட்டி மருமகளே, பாம்பு இவ்வளவு நேரம் சீறாது. குக்கரா? கிட்ட வந்துட்ட.

ஒரு ஊர்ல ஒரு நீராவி வண்டி இருந்துச்சு. மலையடிவாரத்து ஊரு, பேரு செம்பாறைப்பட்டி. மோட்டார் வண்டியெல்லாம் புதுசா வந்த காலம். இந்த வண்டிக்குள்ள ஒரு அடுப்பு, அடுப்பு மேல மூடி போட்ட பெரிய கொப்பரை. கொப்பரையில அடைபட்டுக் கிடக்கிற ஆவிதான் சக்கரத்தைத் தள்ளும். ஓட்டறவர் சவரிமுத்து. வண்டி மூக்குல ஒரு பித்தளைத் தகடு, அதுல ‘பத்து குதிரை’ன்னு எழுதியிருக்கும்.

குதிரை எங்கன்னா கேக்கற? அங்க ஒரு குதிரையும் இல்லை. வண்டியோட பலத்தைக் குதிரைக் கணக்குல சொல்றது பழக்கம், அவ்வளவுதான். அதே தெருவுல ஜமால்னு ஒருத்தர், அவர்கிட்ட பெட்ரோல் வண்டி. அது தகட்டுல முப்பது குதிரை. ரெண்டு பேரும் ஒரே கடையில காப்பி குடிக்கிறவங்க, வண்டி பேச்சு வந்தா மட்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்குவாங்க.

‘ம்’ சொல்லு. ஆங்.

அப்போ அந்த ஊர்ல கருத்தப்பாண்டின்னு ஒரு பையனுக்குக் கல்யாணம். பொண்ணு பேரு பேச்சி. மலை உச்சிக் கோயில்ல முகூர்த்தம். பொண்ணு பார்க்கப் போனப்போ இவன் மீசையைப் பார்த்து அவ களுக்குன்னு சிரிச்சுட்டா. அன்னியிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கலை. பொண்ணோட அப்பா கறார் ஆளு. “முகூர்த்தம் தப்பிப் போச்சுன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்”னு முன்னாடியே சொல்லிட்டாரு.

மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போற பொறுப்பு தாய்மாமன் சீனிச்சாமிக்கு. தாய்மாமன்னா கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். எனக்கா? எனக்கில்லை. சிரிக்காத, தூக்கம் போயிரும்.

“பொண்ணு வீட்டுக்காரங்க இருபது குதிரை வண்டியில மலையேறியிருக்காங்க. என் மருமகன் பத்து குதிரையில போய் இறங்கறதா? முப்பதைக் கொண்டு வாங்கய்யா”ன்னுட்டாரு சீனிச்சாமி.

அதனால ஜமால் வண்டியில மாப்பிள்ளையும் மாமனும். சவரிமுத்து வண்டியில சமையல் அண்டா ரெண்டு.

காலையில ஜமால் வண்டி முன்னாடி இருக்கற கைப்பிடியைச் சுத்துனாரு. டர்ர்... டர்ர்... படபடபட. கிளம்பிருச்சு. சவரிமுத்து அப்பத்தான் அடுப்பை மூட்டியிருக்காரு. தண்ணி கொதிக்கணும், ஆவி சேரணும், அரைமணி நேரமாவது ஆகும்.

“என்ன சவரிமுத்து, பத்து குதிரையும் இன்னும் பல்லு வெளக்குதா?”ன்னு கேட்டுட்டுப் போனாரு மாமன்.

அப்புறம் மேடு பள்ளமில்லாத சமரோடு. முப்பது குதிரை சும்மா பறக்குது. மாமன் துண்டு காத்துல பின்னாடி பறக்குது, அவர் தலை அதுக்கும் மேல பறக்குது.

அப்புறம் மலை. மூணாவது வளைவுல விறகு ஏத்தின மாட்டுவண்டி ஒண்ணு குறுக்க. ஜமால் பிரேக் போட்டாரு. மாடு நிதானமா நகந்துச்சு, மாடாச்சே. வழி விட்டதும் இவர் வண்டியை எடுக்கறாரு... கர்ர்ர்... டொக். நின்னுருச்சு. மறுபடி இறங்கிச் சுத்தி, மறுபடி... கர்ர்ர்... டொக்.

“முப்பதும் எங்கய்யா போச்சு?”ங்கறாரு மாமன்.

“ஓடிட்டிருந்தாத்தான் மாமா இதுக்குப் பலம். செங்குத்துல நின்னுட்டா எங்கிருந்து வரும்?”

அப்போ கீழேருந்து ஒரு சத்தம். உஸ்ஸ்ஸ்... அண்டா ரெண்டும் கடகடன்னு ஆட, சவரிமுத்து வந்து பக்கத்துல நின்னாரு. அந்தச் செங்குத்துலயே நின்னாரு, மறுபடி ஒரு முழம் நகந்து காட்டினாரு, வேணும்னே. ஆவி வண்டி நின்ன இடத்துலேருந்தே முழுப் பலத்தோட தள்ளும்.

மாப்பிள்ளை இறங்கப் போனான். மாமன் விடலை. “அந்தத் தகட்டோட போய் நின்னா நம்ம மரியாதை என்னாகும்? கயித்தைக் கட்டு. இது இழுக்கட்டும், நாம இதுலயே உக்காந்து போவோம்.” முடிச்சும் அவரே போட்டாரு.

அப்புறம் பாக்கணுமே. பத்து குதிரை முன்னாடி, முப்பது குதிரை பின்னாடி கயித்துல. சவரிமுத்துக்கு வாயெல்லாம் பல்லு. “பாத்தீங்களா மாமா, வேகம் போதுமா மாமா”ன்னு திரும்பித் திரும்பிக் கேட்டுக்கிட்டே முடுக்குறாரு. அழுத்தம் காட்டுற முள்ளை மட்டும் பாக்கலை. புகழ்ச்சிக்குக் காதை நீட்டும்போது யாரு முள்ளைப் பாக்கறா?

கடைசி வளைவுக்கு முன்னாடி வண்டி... உஸ்... உஸ்... உ... நின்னே போச்சு.

தூங்கிட்டியா? ‘ம்’ வரலியே. ஆங்.

சவரிமுத்து முகம் சின்னதாப் போச்சு. “தப்பு என் மேலதான் மாமா. என் தகட்டுல இருக்கறது அடுப்போட கணக்கு. நாளெல்லாம் விடாம எரிஞ்சா பத்து குதிரைக்கு ஆவி குடுக்கும். இவ்வளவு நேரம் இழுத்தது கொப்பரையில சேத்து வச்ச ஆவி. அது கொஞ்ச நேரத்துக்கு அம்பது குதிரை மாதிரிகூட இழுக்கும். ஆட்டம் காட்டித் தீத்துட்டேன். இனிமே பத்துன்னா பத்துதான்.”

“அப்போ உன் முப்பது?”ன்னு மாமன் ஜமால் பக்கம் திரும்பினாரு.

“அது வண்டி தொண்டை கிழியக் கத்தி ஓடும்போது வர்ற முப்பது மாமா. அதுக்கு மேல ஒரு குட்டிக் குதிரைகூடக் கிடையாது.”

புரியுதா? ஒருத்தர் தினப்படிக் கஞ்சியைத் தகட்டுல எழுதிட்டாரு, இன்னொருத்தர் கல்யாண விருந்தை எழுதிட்டாரு. ரெண்டும் பொய்யில்லை. மனுசங்களும் அப்படித்தான். விருந்தன்னிக்குப் பாத்துட்டு நம்பிடுவோம், அப்புறம் வருசம் பூரா கஞ்சி. சரி விடு, அது உனக்கு வேண்டாம்.

“கொஞ்சம் நின்னா ஆவி மறுபடி சேரும்”னாரு சவரிமுத்து.

“முகூர்த்தம் நிக்குமா?”ன்னாரு மாமன்.

“அப்போ ஒண்ணுதான் மேல வரும். மாப்பிள்ளையா, முப்பது குதிரையா, நீங்களே சொல்லுங்க.”

கருத்தப்பாண்டி மலை உச்சியைப் பாத்துக்கிட்டே சொன்னான். “மாமா, அவ மேல நிக்கிறா.”

மாமன் தகட்டைப் பாத்தாரு. மருமகனைப் பாத்தாரு. அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இறங்கி, தான் போட்ட முடிச்சைத் தானே அவுத்தாரு. அது இறுகிப் போய்க் கிடந்துச்சு, பல்லால கடிச்சு அவுத்தாரு. அண்டாவெல்லாம் ஜமால் வண்டிக்கு மாறுச்சு. “ஏறு மாப்ள”ன்னாரு.

வண்டி எறும்பு மாதிரி நகந்துச்சு. கடைசி வளைவுல மறுபடி தயங்குச்சு. அப்போ பின்னாடியிருந்து ஒரு முக்கல். ம்ம்ம்... ஹூம். யாரு? மாமன்தான். தோளைக் குடுத்துத் தள்றாரு. மனுசன் பலம் ஒரு குதிரையில பத்துல ஒரு பங்கு தேறினாலே பெருசு. அந்த ஒரு பங்குதான் அன்னிக்குக் கொறைஞ்சுது போல. உஸ்ஸ்ஸ்ஸ்... ஏறிருச்சு.

கோயில் வாசல்ல மொத்தப் பொண்ணு வீடும் நிக்குது. பொண்ணோட அப்பா குனிஞ்சு தகட்டைப் படிச்சாரு. “பத்துதானா?”

கருத்தப்பாண்டி சொன்னான். “பதினொண்ணு. ஒண்ணு பின்னாடி வருது பாருங்க.”

மீசையெல்லாம் வேர்வை, தலையெல்லாம் மண்ணு, மூச்சு வாங்கிக்கிட்டு மாமன் நிக்கிறாரு. பேச்சி களுக்குன்னு சிரிச்சுட்டா. மாமனுக்கும் சிரிப்பு வந்துருச்சு. முகூர்த்தம் தப்பலை.

ஜமாலா? அவர் வண்டியை மெதுவா பின்னாடி சமமான இடத்துக்கு உருட்டி, கிளப்பி, ஒரே மூச்சுல ஏறி, பந்திக்கு வந்துட்டாரு. ஊருக்குத் திரும்பும்போது சமரோட்டுல அவரை யாராலயும் பிடிக்க முடியலை.

அண்டா கவிழ்த்தாச்சு, அடுப்பு அணைஞ்சாச்சு, பதினொரு குதிரையும் படுத்தாச்சு. நீயும் கண்ணை மூடு.

‘ம்’ சொல்லு.

சொல்லமாட்ட. சரி. மாமாவுக்கு ராத்திரி வேலைக்குப் போற நேரம் ஆகலை இன்னும். கதை சொல்லிக்கிட்டே மடிச்சதுல மிச்சம் இருக்கற துணியையும் மடிச்சு வச்சுடறேன்.