ஏரியில் வைத்த ரசம்

சண்முகக்கனியின் சலூனில் நாற்காலி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையானால் தலைகள் அதிகம். அதனால் அந்தக் கடைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. காத்திருக்கிற யாரும் கதை சொல்லலாம். கேட்கிறவர் எத்தனை சந்தேகம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் பொறுக்க மாட்டாமல் "பொய்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால், எழுந்து வரிசைக் கடைசிக்குப் போய்விட வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்தில் மற்ற சட்டங்களை மீறியவர்கள் உண்டு. இதை மீறியவர் யாரும் இல்லை.

அன்றைக்கு மாசானம் உள்ளே வந்தபோது நாற்காலியில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் மூன்று பேர். முதலில் மடியில் பையோடு ஒரு வெளியூர்க்காரர், அடுத்து மளிகைக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி, அதற்கடுத்து லாரி ஓட்டும் கொம்பையா. மாசானம் நான்காவது ஆள். முகத்தில் நரைத்த தாடி முள்ளாக நின்றது. பதினோரு மணி ரயிலில் ராஜபாளையத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "இந்த மூஞ்சியோட வாசப்படி ஏறினீரு, கூலிக்குப் பிடிச்ச சமையல்காரர்னு சொல்லி அடுப்படிக்கு அனுப்பிருவேன்" என்று மனைவி பேச்சித்தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னதைச் செய்கிறவள். மாசானம் சமையல்காரர் என்பதால் வந்தவர்களும் நம்பிவிடுவார்கள்.

"இன்னைக்கு சொர்ணத்தைப் பாக்க வாராங்க வே. கொஞ்சம் முன்னால விடும்" என்று கொம்பையாவிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"சும்மா விட முடியாது வே. கதை சொல்லி வாரும்."

வெளியூர்க்காரர் லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் பையைக் கட்டிக்கொண்டார்.

மாசானத்திடம் கதைக்கா பஞ்சம்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டூர் கம்பெனிக்காரர், சுவிட்சர்லாந்து பார்க்கப்போன நம் ஆட்களுக்குச் சோறு ஆக்கிப் போட அவரைக் கூட்டிக்கொண்டு போனார். மலைக்கு நடுவே ஒரு ஏரிக்கரையில் சமையல். அதுவரைக்கும் உண்மை. அதற்கு மேலே உள்ளது மாசானத்தின் கைப்பக்குவம்.

"ஏரிக்குப் போற ரோடு இருக்கே கொம்பையா, அது ரோடு இல்ல, முறுக்கு. ஒரு வளைவுல முன்னால போற பஸ்ஸை எங்க டிரைவர் தாண்டினாரு. நான் எட்டிப் பாக்கேன், அந்த பஸ்ஸுல கடைசி சீட்டுல நான் உக்காந்திருக்கேன்."

"நீரேவா?"

"நானேதான். எனக்கு நானே கையைக் காட்டிக்கிட்டேன்."

கொம்பையா வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினார். "சரி. வளைவு அப்படி இருந்தா நடக்கும்."

மாசானம் திகைத்தார். இதற்கே விழாதவனை எதைச் சொல்லி விழத்தட்டுவது? ஒன்றும் தோன்றாமல், பார்த்ததை அப்படியே சொன்னார். "அடிவாரத்துல இருந்து ஏரி வரைக்கும் அந்த டிரைவர் ஹாரனைத் தொடவே இல்ல."

"தொடலையா? வளைவுல?"

"இல்ல."

"எதுத்தாப்புல வண்டி வந்தா?"

"ம்ஹூம்."

"மாடு கீடு நின்னா?"

"நின்னுச்சு. வண்டியை நிறுத்திட்டு, மாடு போற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

கொம்பையா எழுந்தே விட்டார். "பொய்! ஹாரன் அடிக்காம ஒருத்தன் மலை ஏறினானாம்! எவன்கிட்ட வே சொல்லுதீரு?"

கடை சிரித்தது. கொம்பையா முணுமுணுத்துக்கொண்டே கடைசிக்கு நகர்ந்தார். உண்மையைச் சொல்லி ஜெயித்ததில் மாசானத்துக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் ஓரிடம் முன்னேறியாயிற்று.

"ஏரி எப்படி?" என்று கேட்டார் அண்ணாச்சி. விசிறியால் விசிறிக்கொண்டு நிதானமாகக் கேட்டார். இருபது வருஷமாகக் கடன் கேட்டு வருகிறவர்களின் கதைகளைக் கேட்டுப் பழகிய காது அது.

"கண்ணாடி அண்ணாச்சி. கரையில தாளிக்கும்போது ஒரு கடுகு தெறிச்சுத் தண்ணியில விழுந்துச்சு. கீழ போயிக்கிட்டே இருக்கு, தெரியுது. நான் பந்தி பரிமாறி, அண்டா கழுவிட்டு வந்து பாக்கேன், இன்னும் போயிக்கிட்டு இருக்கு. பாதி வெடிச்ச கடுகுன்னு மேல நின்னே சொல்லிரலாம்."

"ம்."

"குளிர்னா அப்படிக் குளிர். இட்லிக் கொப்பரையைத் திறந்தா ஆவி மேல போயி, மலையில மோதி, பனியா ஒட்டிக்கிடும். சுத்தி நிக்குற மலையில பாதிப் பனி நம்ம இட்லி ஆவிதான். வெள்ளைக்காரன் அதுல சறுக்கி விளையாடுதான். ஒருத்தன் குப்புற விழுந்தான், வாயெல்லாம் பனி. எந்திரிச்சுச் சட்னி கேக்கான்."

சண்முகக்கனியின் கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது. அண்ணாச்சியின் விசிறி நிற்கவில்லை.

"வந்த சனத்துக்கெல்லாம் சளி புடிச்சுக்கிட்டு. ரசம் வைக்க அண்டா பத்தல. என்ன செய்ய? ஏரியிலயே புளியைக் கரைச்சுட்டேன். மிளகு, சீரகம் போட்டுப் படகுத் துடுப்பால கலக்கினேன்."

"அடியில தீ?"

"ரசம் கொதிக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி? நுரை கட்டினா போதும். அதுக்கு மத்தியான வெயிலே தாராளம். மீனெல்லாம் சேந்து ஒரு தும்மல் போட்டுச்சு பாருங்க, ஏரி கரையைத் தாண்டிருச்சு. கழுத்து மணி கட்டின மாடெல்லாம் வந்து குடிச்சுச்சு. மறுநா கறந்தா, அத்தனையும் மிளகுப்பால்."

அண்ணாச்சியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஆனாலும் உதடு திறக்கவில்லை. வியாபாரிக்கே உள்ள ஒரு கேள்விதான் வெளியே வந்தது. "பெருங்காயம் எம்புட்டுப் போட்டீரு?"

"ஒரே டப்பா. நம்ம கடை டப்பாதான், இங்க இருந்தே கொண்டு போனேன். மூடியைத் திறந்தேன், ஏழு மலை தாண்டி மணத்துச்சு."

"எங்க கடைப் பெருங்காயமா?"

"ஆமா."

"மணத்துச்சா?"

"மணத்துச்சாவா? ஊரே மூக்கைப் புடிச்சுக்கிட்டு..."

"பொய்!" என்று கத்திவிட்டார் அண்ணாச்சி. கத்திய பிறகுதான் யார் யார் கேட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயும் அந்த டப்பாதான் அண்ணாச்சி" என்றார் சண்முகக்கனி அமைதியாக.

அண்ணாச்சி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு கொம்பையாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

மிச்சம் வெளியூர்க்காரர் ஒருவர்தான். மாசானம் அவர் பக்கம் நன்றாகத் திரும்பினார். "இன்னும் கேளுங்க ஐயா. அந்த ஏரி அசையாது. கரையில நிக்குற மலை அப்படியே தலைகீழாத் தண்ணிக்குள்ள நிக்கும். மேல உள்ள மலையில ஏறுனா மூச்சு வாங்கும். தண்ணிக்குள்ள உள்ளதுல அந்தத் தொல்லை இல்ல, இறங்குனாலே உச்சி வந்துரும். நான் ரசவாளியோட உச்சி வரைக்கும் போயிட்டு வந்தேன். வேட்டிக்கரை மட்டுந்தான் நனைஞ்சுது."

"தெரியும்" என்றார் வெளியூர்க்காரர்.

"தெரியுமா?"

"அந்தத் தண்ணி மலை உச்சியில ஒரு ஆள் துண்டு விரிச்சு உக்காந்திருந்தானே, மறந்துட்டீங்களா? நான்தான் அது. உங்க கையால ரெண்டு டம்ளர் ரசம் குடிச்சேன். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்."

கொம்பையாவும் அண்ணாச்சியும் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார்கள்.

"குடிச்சுட்டுப் பேசிக்கிட்டு இருந்தோம். எனக்கு ஒரு பையன்னேன். உங்களுக்கு ஒரு பொண்ணுன்னீங்க. அங்கயே வெத்தலை பாக்கு மாத்திக்கிட்டோம். உங்க பொண்ணு எங்க வீட்டுக்குன்னு வாக்குக் கொடுத்தீங்க. மெய்யா, பொய்யா?"

மாசானம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொய் என்றால் வரிசைக் கடைசி, தாடியோடு அடுப்படி. மெய் என்றால், இத்தனை பேர் நடுவே, ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு வெற்றிலை மாற்றியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ரயிலில் வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? தன் தாடியைத் தடவிப் பார்த்தார். சொர்ணத்தின் முகத்தை நினைத்தார்.

"பொய்" என்றார்.

கொம்பையா கைதட்டினார். "போம் வே, கடைசிக்கு!"

நாற்காலி காலியாயிற்று. வெளியூர்க்காரர் போய் உட்கார்ந்தார். சண்முகக்கனி அவர் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ராஜபாளையம். வீட்டுல எல்லாரும் பதினோரு மணி வண்டியில வர்றாங்க. ஒரு பொண்ணு பாக்கணும். சவரம் பண்ணிக்கிடலாம்னு நான் மட்டும் முந்தி வந்தேன்."

மாசானம் கண்ணாடிக்கு முன்னால் ஓடினார். "மெய்தான் ஐயா! எல்லாம் மெய்! வெத்தலை மாத்தினோம், துண்டுகூட பச்சைக்கரைத் துண்டு..."

வெளியூர்க்காரர் துணியை அவிழ்த்துவிட்டு எழுந்தார். மாசானத்தின் தோளைப் பிடித்து நாற்காலியில் அமர்த்தினார்.

"முதல்ல உங்களுக்கு ஆகட்டும் சம்பந்தி. ஆனா ஒண்ணு. எங்க பையனைப் பத்தித் தரகர் உங்ககிட்ட நிறையச் சொல்லியிருப்பாரு. அதுக்கும் இந்தக் கடைச் சட்டந்தான்."