காலை இட்லி, சாயங்கால உப்புமா

தளவாய் அண்ணாச்சியின் டிபன் கடையில் கல்லாவையும் இன்ஸ்டாகிராமையும் கோமுதான் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே அண்ணாச்சி எகிறினார்.

“போன மாசம் எழுதிப் போட்ட சாம்பார் சமாச்சாரத்தையே இப்ப வீடியோவாக்கிப் போட்டிருக்க. சாயங்காலத்துக்குள்ள புத்தம் புதுசா ஒண்ணு வேணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

கோமு போனோடு அடுக்களைக்குள் போனாள். சாயங்காலம், இட்லி உப்புமா தின்றுகொண்டிருந்தவர்கள் காதுபடக் கேட்டாள்.

“காலையில மிஞ்சின இட்லிய மாஸ்டர் உதுத்துத் தாளிக்கிறத எடுத்திருக்கேன், அண்ணாச்சி. போர்டுல அதுக்கு ‘இன்றைய புதுசு’ன்னுதான எழுதியிருக்கீங்க? போட்டுரட்டுமா?”

கடையே சிரித்தது. ஒருத்தர் இன்னொரு தட்டு உப்புமா கேட்டார். அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா என்று கோமு கல்லாவில் உட்கார்ந்தாள்.

“சாம்பார் வீடியோவே இருக்கட்டும், தாயி,” என்றார். “ கறிவேப்பிலைய மட்டும் புதுசாக் கிள்ளிப் போடு.”