கனகசபாபதியின் பூட்டு

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஊழியர் விவரமெல்லாம் ஆன்லைன் மென்பொருளில் இருந்தது. அதற்குப் பொறுப்பு மேலாளர் கனகசபாபதி. அந்த விவரங்களுக்கு அவர் போட்டிருந்த பூட்டைவிட அவர் பேச்சு பெரிது.

வருகைப்பதிவு போடும் மரகதவல்லி ஒருநாள் அவரிடம் போனாள். "சார், கம்ப்யூட்டர்ல என் பக்கத்தைத் திறக்கையில, மேலே இணைய முகவரியில என் ஊழியர் நம்பருக்குப் பதிலா கை தவறி வேற நம்பர் அடிச்சுட்டேங்க. அடுத்தவங்க பக்கம் திறந்துருச்சு. உடனே மூடிட்டேன்."

கனகசபாபதி அவளுடைய கம்ப்யூட்டருக்கு முதலாளியம்மாவையே அழைத்து வந்துவிட்டார். "என் அனுமதியில்லாம ஈ நுழையாது. நீ சொன்னதை இப்ப நிரூபி. ஆனா இன்னொருத்தர் பக்கத்தைத் திறந்தா அந்த நிமிஷமே வேலை போயிரும்."

மரகதவல்லி கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"உங்க பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டுங்களே. என் கணக்கு திறந்துதான் இருக்கு. இதுல மேலே என் நம்பரை அழிச்சுட்டு உங்க நம்பரை நீங்களே அடிங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். சம்பளம், வீட்டு விலாசம், மருத்துவச் சான்று வரை அவர் பக்கம் அப்படியே விரிந்தது. முதலாளியம்மா குனிந்து படிக்கத் தொடங்கவும், இரண்டு கையாலும் திரையை மறைத்தார்.

"கையை எடுத்துராதீங்க சார்," என்றாள் மரகதவல்லி. "இப்போதைக்கு உங்களுக்கு இருக்கிற பூட்டு அது ஒண்ணுதான். மத்த நானூறு பேருக்கு அதுவும் இல்லீங்க."